அக்கா மட்டும் கேட்கக் கூடாது

திட்டம் முடிந்ததும் ஒரு சிறு புத்தகம் போடுவதென்று முடிவானது. அதில் வேலை செய்தவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு பக்கம். யாரைப் பற்றி யார் எழுத வேண்டும் என்பதை அவரவரே சொல்லலாம் என்றார்கள். பட்டனக்கா என்னைக் கைகாட்டினாள்.

"மேடம் எழுதட்டும். அவங்களுக்குத்தான் என்னைக் கண்டா ஆகாது. ஆகாதவங்கதான் விடாம பாத்துக்கிட்டே இருப்பாங்க."

ஏழு பேர் இருந்த கூட்டத்தில், டீ கிளாஸை ஊதிக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது, உண்மைதானே! ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை எழுதுகிறவள் அவள்மேல் ஒரு வருடம் முழுக்க வயிறெரிந்தவள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பொறாமை முறை பார்க்காது. 'அவள்' என்றே எழுதுகிறேன். அவளுக்குப் படித்துக்காட்டும்போது வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருந்தது. எதையும் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் எடுக்கிற பிள்ளைகளையும் பெரியவர்களையும் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். தாள்களில் நாங்கள் 'அறிவுசார் குறைபாடு உடையோர்' என்று எழுதுவோம். "எங்களுக்கு லேட்டா புரியும். புரிஞ்சா போகாது" என்பாள் பட்டனக்கா. பதினாலு வருடத்துக்கு முன்னால் விடுதியை மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களில் முப்பது பேரை அவரவர் கதையைச் சொல்லவைத்து, பதிவு செய்து, ஊர் கேட்கும்படி செய்வதுதான் எங்கள் திட்டம். வாய்மொழி வரலாறு என்று இதற்குப் பெயர். நான் மேலாளர்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பிரசவ வார்டு நர்சுகள், அச்சுக்கோத்தவர்கள் என்று நூற்றுக்கணக்கான பேரைப் பதிவு செய்திருக்கிறேன். வாயைத் திறக்காதவர்களையும் பேசவைத்துவிடுவாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் என் மேசை, கோப்புகள், ஓர் இரும்பு பீரோ. பீரோ சாவி என்னிடம். உள்ளறையில் தரைவிரிப்பு, எதிரெதிராக இரண்டு நாற்காலி, சத்தம் வராமலிருக்கக் கனத்த திரை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடினால் பதிவு கெட்டுவிடும். அதனால் கடைக்காரரோடு ஓர் ஏற்பாடு: மாடி ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கினால் அவர் மெஷினைப் போட மாட்டார்.

நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். விடுதியில் இருந்தவர்களில் ஒருவரையாவது வேலைக்கு எடுக்க வேண்டும். அப்படித்தான் அவள் வந்தாள். பேருக்கு ஒரு ஆள் என்றுதான் நானும் நினைத்தேன். ரெக்கார்டரின் பட்டனை அழுத்துகிற வேலையைக் கொடுத்தேன். நான் தலையாட்டினால் ஒரு அழுத்து, கையைக் காட்டினால் இன்னொரு அழுத்து. பட்டனக்கா என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பெயருக்கும் நான்தான் காரணம் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நாற்பத்து நாலு வயது. ஒல்லி. நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. ஒன்பது வயதில் விடுதியில் விட்டார்கள். விட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து விடுதிச் சலவைக்கூடத்தில் வேலை. மூடியபோது அவளுக்கு முப்பது. கையில் இருந்த ஒரே தொழில் துணி மடிப்பது. அதை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்து, இன்றுவரை காலை ஷிப்டு பார்க்கிறாள். நீளப் போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து மடிப்பார்களே, அதில் எதிர்முனை ஆள் யாராக இருந்தாலும் அவள் வேகத்துக்கு இழுபட்டுத்தான் ஆக வேண்டும். விடுதித் தோழி ஒருத்தியோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் கழுத்திலேயே தொங்கும். "விடுதில எங்க யாருக்கும் சாவி கிடையாது மேடம்" என்று முதல் நாளே சொன்னாள். நான் அதைக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வது என் பழக்கம்.

முதலில் வந்தவர் லிப்ட்காரர். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறார். குட்டையான, சிரித்த முகத்துக்காரர். நாற்பத்து நாலு கேள்விகள் கொண்ட என் பட்டியலை எடுத்தேன். நாற்பத்து நாலும் நானே செதுக்கியவை.

"விடுதியில சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

"ஆமா மேடம்."

"நண்பர்கள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க மேடம்."

"வார்டன் அன்பா நடந்துக்கிட்டாரா?"

"ஆமா மேடம். நல்லா இருந்துச்சு மேடம்."

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. உச்சி குளிர்ந்து போனேன். இப்படியே பதினோரு பேரை முடித்தேன். எல்லாம் பளிச்சென்று சுத்தமான பதிவுகள்.

பன்னிரண்டாம் நாள் பட்டனக்கா பட்டனில் கை வைத்தபடி சொன்னாள். "மேடம், லிப்ட்காரர்கிட்ட சாப்பாடு மோசமா இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டாரேம்மா."

"கேட்டுப் பாருங்களேன்."

லிப்ட்காரர் அன்று வேறு வேலையாக வந்திருந்தார். கேட்டேன். "சாப்பாடு மோசமா இருந்துச்சா?"

"ஆமா மேடம்" என்றார், அதே சிரித்த முகத்தோடு.

"வார்டன் அடிப்பாரா?"

"ஆமா மேடம்."

"வார்டனுக்கு வால் இருந்துச்சா?" என்றாள் பட்டனக்கா. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னிடமே, "ஆமா மேடம்" என்றார்.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. பதினோரு பதிவும் வீண். விடுதியில் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவருக்கு 'ஆமா' என்பதுதான் பதில். வேறு பதில் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவசாலிக்கு இதைச் சலவைக்காரி ஒருத்தி வால் வைத்து நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அன்றே அவள் லிப்ட்காரரை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ரெக்கார்டரை அவர் மடியில் வைத்தாள். "நிறுத்தணும்னா நீங்களே நிறுத்துங்க. நான் தொட மாட்டேன்." பையிலிருந்து துண்டுகளை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட துண்டுகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, கைக்குட்டை அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, துண்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க எங்க படுத்திருந்தீங்க?"

அவ்வளவுதான். லிப்ட்காரர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ரெண்டாவது வரிசை, கதவுப் பக்கக் கட்டில். கதவு திறந்தால் முதலில் குளிர்வது அவருக்கு. பக்கத்துக் கட்டிலில் யார், அவன் எப்போது அழுவான், போர்வையை யார் பிடுங்கினார்கள், பிடுங்கியவனை எப்படிப் பழிவாங்கினார் எல்லாம் வந்தது. கதவுக்கு வெளியே கோப்போடு நின்று நான் கேட்டேன். என்னிடம் 'ஆமா மேடம்' என்ற அதே வாயா இது என்று இருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கியதுதான் என் வயிற்றெரிச்சல். ஒளித்து என்ன ஆகப்போகிறது, அற்பமான காரியங்களெல்லாம் செய்தேன். நானும் உள்ளே போய் அதே கேள்வியை அதே குரலில் கேட்டேன். வந்தவர் என் கையில் இருந்த பேனாவையே பார்த்தார், "ஞாபகமில்ல மேடம்" என்றார். பேனாவை வைத்துவிட்டுத் துண்டை எடுத்தேன். எனக்கு மடிக்கத் தெரியாததைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அட்டவணையை மாற்றினேன். பட்டனக்காவுக்கு ஷிப்டு இருக்கும் காலை நேரமாகப் பார்த்துப் பதிவுகளைப் போட்டேன். வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்து, "பட்டனக்கா வரட்டும்" என்று மத்தியானம்வரை சைக்கிள் கடையை வேடிக்கை பார்த்தார்கள். அவள் வந்து, அட்டவணையைப் பார்த்து, என்னையும் பார்த்தாள். துண்டுப் பையோடு உள்ளறைக்குப் போய்விட்டாள். வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு பதிவும் நகத்தளவு மெமரி கார்டில் இருக்கும். அதை அவள் ஒரு துண்டில் வைத்து, நாலாக மடித்து, கடைசி முனையை உள்ளே செருகி என்னிடம் தருவாள். மேலே ஒரு ஸ்டிக்கர். பச்சை என்றால் யாரும் கேட்கலாம். மஞ்சள் என்றால் எங்கள் அறைக்குள் மட்டும். சிவப்பு என்றால், சொன்னவர் குறிப்பிடுகிற ஆள் கேட்கக் கூடாது, மற்றவர்கள் கேட்கலாம். சிலருக்குத் தங்களை விட்டுவிட்டுப் போன உறவினர்கள் கேட்பது பிடிக்காது. அதற்காக இந்த விதியை எழுதியவள் நான்தான். நன்றாக யோசித்து எழுதிய விதி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

எனக்கும் அவனுக்கும் பதினோரு வருட வித்தியாசம். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவனுக்குப் பதினொன்று, நான் கடைசி வருடப் படிப்பில் இருந்தேன். அப்பா ஏற்கெனவே இல்லை. அவனை விடுதியில் சேர்த்தோம். சேர்த்தோம் என்ன, தாளில் கையெழுத்துப் போட்டது நான். ஆறு வருடம் இருந்தான். எனக்கு வேலை கிடைத்து ஒரு வீடும் அமைந்த அன்றே போய்க் கூட்டிவந்துவிட்டேன். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறான். அவன் ஒட்டிய லேபிள் ஒரு நூல்கூடக் கோணாது. நான் வேறு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால் அவனைக் காட்டுவேன். அந்த ஆறு வருடமும் மாதா மாதம் புதுச் சட்டையோடு போய்ப் பார்த்த அக்கா நான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

முப்பதாவது பதிவு அவனுடையது. கடைசிக்கு வைத்திருந்தேன், நானே எடுப்பதற்காக. காலைச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"இன்னைக்கு உன் முறைடா. அக்கா கேக்கறேன், நீ சொல்லு."

"பட்டனக்காகிட்ட சொல்றேன்."

"ஏன்டா, நான் இருக்கேன்ல?"

"நீ வெளிய இரு" என்றான், தட்டைப் பார்த்தபடி.

வெளியே இருந்தேன். கதவைச் சாத்தித் திரையையும் அவன் இழுத்துவிட்டதால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பதினோரு நிமிடம். சொன்னவன்தான் நிறுத்தியிருப்பான், அதுதான் அவள் வழக்கம். வெளியே வந்து ஸ்டிக்கர் டப்பாவைத் திறந்தான். சிவப்பை எடுத்து, மடித்த துண்டின் நட்டநடுவில் ஒட்டினான். துளி கோணவில்லை. பட்டனக்கா பதிவேட்டில் அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அவள் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்தே படிக்கலாம்.

'அக்கா மட்டும் கேட்கக் கூடாது.'

மட்டும்! ஊரில் இருக்கிறவர்கள், போகிறவர்கள் வருகிறவர்கள், கீழே காற்றடிக்கிற கடைக்காரர் எல்லோரும் கேட்கலாம். அவனுக்குப் பொங்கிப் போட்ட நான் கேட்கக் கூடாது. இன்னும் மூன்று வாரத்தில் நூலக அரங்கில் கேட்கும் நாள் வைத்திருந்தோம். மஞ்சள் ஒட்டாத கதைகளெல்லாம் ஒலிக்கும், நீளமானவை மட்டும் சுருக்கமாக. மேலாளரான நான் எல்லோர் முன்னாலும் எழுந்து, அவன் முறை வரும்போது மட்டும் வெளியே போக வேண்டும்.

"என்னம்மா சொன்னான்?" என்று பட்டனக்காவைக் கேட்டேன்.

"அவருதான் சொல்லணும் மேடம்."

"என் தம்பிம்மா அவன்."

"தெரியும் மேடம். அவரு கட்டில் துணிய ஆறு வருஷம் நான்தான் மடிச்சேன்."

அந்த இடத்தில் அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. என் தம்பியின் போர்வை அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என்மேல் அவன் குறை சொல்லியிருக்கிறான், இவள் கேட்டு உச்சுக்கொட்டியிருக்கிறாள் என்று மனசு பாட்டுக்குக் கதை கட்டியது. வீட்டில் அவனிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் என்னையே பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான்.

விடுமுறை நாளன்று மத்தியானம், கோப்பு ஒன்று வேண்டும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு அலுவலகம் போனேன். கடை பூட்டியிருந்தது. மாடியில் நான் ஒருத்திதான். பீரோவைத் திறந்தேன். அந்தத் துண்டை எடுத்தேன். எப்படி மடித்திருக்கிறாள் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு பிரித்தேன். காதில் மாட்டிக்கொண்டேன்.

"மூணாவது வரிச. ஜன்னல் பக்கம் இல்ல. நடுவுல" என்று தம்பியின் குரல் தொடங்கியது. கொஞ்ச நேரம் கட்டிலைப் பற்றிச் சொன்னான். பிறகு நான் வந்தேன்.

"மொத மாசம் அக்கா வந்துச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். அடிக்கிறாங்கன்னு சொன்னேன். அக்கா அழுதுச்சு. ரொம்ப அழுதுச்சு. அப்புறம் அக்கா வரல. அடுத்த மாசம் வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. நாலு மாசம் வரல. அப்புறம் வந்துச்சு. நல்லா இருக்கியான்னு கேட்டுச்சு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். அக்கா அழல. அடுத்த மாசம் வந்துச்சு. அப்பதான் கண்டுபுடிச்சேன்."

துண்டு மடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா அக்கா வரும். அதனால எப்பவும் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். இப்பவும் சொல்லுவேன். இத அக்கா கேக்கக் கூடாது. கேட்டா அழும்."

நிறுத்திவிட்டேன். நாலு நிமிடம் ஓடியிருந்தது. மீதி ஏழு நிமிடத்தைக் கேட்கத் தெம்பு இல்லை. மாதா மாதம் போனேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு மாதம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பரீட்சை என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். மேசையில் தலை வைத்து அழுதேன். அப்புறம் துண்டை அவள் மடித்தபடியே நாலாக மடித்து, முனையை உள்ளே செருகி, இருந்த இடத்தில் வைத்தேன். சரியாகத்தான் செய்தேன்.

மறுநாள் அவள் கேட்கும் நாளுக்காகக் கார்டுகளை வரிசைப்படுத்த வந்தாள். முப்பது துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள் கடைசித் துண்டைக் கையில் எடுத்ததும் நின்றாள்.

"இது என் மடிப்பு இல்ல" என்றாள்.

"கீழ விழுந்துச்சு. எடுத்து வச்சேன்" என்றேன்.

"கேட்டீங்களா மேடம்?"

"இல்ல."

அவள் துண்டை மேசைமேல் வைத்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.  அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேரிடம் அவள் அதைக் கேட்டபோது கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறேன்!

"தம்பி விடுதிக்குப் போனப்புறம், நீங்க எங்க படுத்தீங்க மேடம்?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். "ஜன்னல் பக்கம்" என்று வாய் தானாகச் சொன்னது. "அவன் கட்டில்ல. ஒரே அறைதான் எங்களுக்கு. அவன் படுத்திருந்த இடத்துலதான் காத்து வரும். அவன் போன அன்னைக்கே புஸ்தகத்த எல்லாம் அங்க மாத்திக்கிட்டேன். நல்லா தூங்கினேன். பல வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் நல்லா தூங்கினேன்." அதுவரை ஒரு மனுஷியிடமும் நான் சொல்லாதது. "சந்தோஷமா இருந்துச்சும்மா. அவன் அழுதத பாத்தப்புறம் அங்க போகவே பிடிக்கல. அதான் போகல."

அவள் இரண்டு துண்டு மடித்து முடித்தாள்.

"முழுசா கேட்டீங்களா?"

"இல்ல. பாதிலயே நிறுத்திட்டேன்."

"நீங்க நிறுத்தக் கூடாது மேடம். சொல்றவங்கதான் நிறுத்தணும்" என்றாள். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "அவருகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவனிடம் சொன்னேன். "நீ பேசினத கேட்டுட்டேன்டா. கேக்கக் கூடாதுன்னு ஒட்டியிருந்தும் கேட்டேன். தப்புதான்."

என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தான். "அழுதியா?"

"அழுதேன்."

எழுந்துபோய்ச் சுவர் நாள்காட்டியின் தாளைத் தூக்கி அடுத்த மாதத்தைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நான் எங்கடா போகப் போறேன்? இது நம்ம வீடு" என்றேன்.

"அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான்.

ஆக, சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கேட்கும் நாளன்று அரங்கில் எழுபது பேர். இயந்திரத்தின் முன்னால் பட்டனக்கா, புதுச் செருப்போடு. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஜனங்கள் அவளைத்தான் பார்த்தார்கள். தம்பியின் முறை வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவு கனமானது, சொற்கள் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தடவை இல்லை, அடக்க முடியாமல் திரும்பத் திரும்பச் சிரித்தார்கள். என் தம்பி அப்படி ஜோக் அடிப்பான் என்று எனக்குத் தெரியாது. எழுபது பேருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்த எல்லோரும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் ஒவ்வொருவர் மேலும் பொறாமையாக இருந்தது, சைக்கிள் கடைக்காரர் உட்பட.

மாதம் பிறந்தது. முதல் தேதி, வேலை முடிந்து வரும் வழியில் அவன் எங்கள் அலுவலகத்துக்கு ஏறிவந்தான். நேராகப் பட்டனக்காவிடம் போனான். காதோரம் ஏதோ சொன்னான். எதையும் முதலில் அவளிடம்தான் சொல்வான், அது மாறவில்லை. அவள் அவன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பை உரித்தான். பச்சையை எடுத்து, விரலால் நீவி, அதே இடத்தில் ஒட்டினான்.

"வா" என்று என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டான். பட்டனக்கா ஜன்னலில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். இப்போது வெளியே இருப்பது அவள் என்று எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்.

ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் பட்டன்மேல். "நான்தான் நிறுத்துவேன்."

ஓடியது. நாலு நிமிடம் வந்தபோது என்னைப் பார்த்தான். நான் அழவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஜோக் வந்தது.

"அக்கா மாசா மாசம் சட்டை கொண்டுவரும். நான் வளந்துட்டேன். அக்காவுக்கு அது தெரியல. சின்னச் சட்டையாவே கொண்டுவரும். கைய உள்ள விட்டா வராது. லிப்ட்காரர் குட்டை. அவருக்கு எல்லாம் சரியா இருக்கும். ஆறு வருஷமா அக்கா லிப்ட்காரருக்குத்தான் சட்டை எடுத்துக் குடுத்துச்சு. அவரு அக்காவ பாத்தா கும்பிடுவாரு. அக்கா நல்ல பையன்னு சொல்லும்."

சிரித்தேன். லிப்ட்காரர் என்னைப் பார்த்த முதல் நாளே கைகூப்பியது நினைவுக்கு வந்து இன்னும் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். ஒன்பது நிமிடம் ஆனது. "அப்புறம் ஒரு நாள் அக்கா" என்று அவன் குரல் ஆரம்பித்தது. கட்டைவிரல் அழுத்தியது. நின்றுவிட்டது.

"என்னடா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே?"

கார்டை எடுத்துத் துண்டில் வைத்தான். பட்டனக்கா எப்போது சொல்லிக்கொடுத்தாளோ, நாலாக மடித்து முனையை உள்ளே செருகினான். அச்சு அசல் அவள் மடிப்பு.

எழுபது பேர் கேட்டுவிட்ட இரண்டு நிமிடம். அவளும் கேட்டாள், பதிவேட்டில் எழுதியும் வைத்திருப்பாள். யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். 

"நல்லா இருக்கியா அக்கா?" என்று கேட்டான்.

நல்லா இருக்கேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. "இல்லடா. பொறாமையா இருக்கு. எல்லாரும் கேட்டுட்டாங்க, நான் மட்டும் கேக்கல."

அவன் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"மிச்சம் அடுத்த மாசம்" என்றான். "வந்துடு."